ராக்காயியின் முட்டைக் குழியில் ஓர் இரும்புத் துண்டு

ஈர மணலில் முட்டிபோட்டு, முழங்கைக்கு மேலே வரை குழிக்குள் கையை விட்டிருந்தேன். விரல் நுனியில் முட்டைகள் தட்டுப்பட்டன. ஆமை முட்டை கோழி முட்டை மாதிரி கெட்டியாக இருக்காது. அழுத்தினால் குழியும், விட்டால் மெல்ல நிமிரும். என் இடது கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உடைந்த கத்தி ஒன்றும் இரண்டு கரித்துண்டுகளும் இருந்தன.

மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் காற்றுமழை அன்று நாங்கள் குடியிருந்த தாமானையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போயிருந்தது. மழையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்னைப் பாயிலிருந்து எழுப்பி, சைக்கிளில் ஏற்றி, கடற்கரைக்கு விரட்டியது இடிதான்.

கத்தியை முட்டைகளுக்கு நடுவே செருகினேன். பக்கத்தில் கரியை வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சாலையில், ஆமைகளை ஆராயும் கவிதாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கையை உருவி, மணலைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கிவிட்டு, கம்பி வேலிக்கு வெளியே வந்து விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, இவ்ளோ வெள்ளன வந்துட்டீங்க?"

"தூக்கம் வரலம்மா. இடி."

"செம இடி லா. எங்க வீட்ல டிவி போயிடுச்சி. அப்பா காலையிலேயே டென்ஷன்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு குப்பையைக் கூட்டினேன். முட்டாள்தனம் செய்தவர்களுக்கு வரும் நிம்மதி தனி ரகம்.

பெரட்டுக்கு வந்து திரும்பியவர்கள்

ரெம்பியா ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்ததோடு சென்ற வாரக் கதையை நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சுங்கை ஊடாங்கிற்கு வந்தோம். என் கணவர் மணியத்துக்கு அங்கே எண்ணெய் ஆலையில் ஒரு குத்தகைக்காரரிடம் வெல்டிங் வேலை. பதினேழு வயதிலிருந்து பால் வெட்டிய எனக்குத்தான் வேலை இல்லை. விடியற்காலை நான்கரைக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். எழுந்து என்ன செய்வது என்று தெரியாது.

அப்போதுதான் கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் இடத்தில் தினக்கூலிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடம் சரியாக நினைவில்லை. வேலை சுலபம். கூட்டுவது, குழி தோண்டுவது, வேலியைச் சரிபார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேல், விடிந்ததும் கவிதாவோடு கடற்கரை நீளத்துக்கும் நடந்து தடம் பார்ப்பது.

கவிதா மலாக்கா டவுன் பெண். அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, அந்தப் படிப்புக்காக ஆமைகளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தாள். எந்த ஆமை எந்தக் கரைக்கு வருகிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்ப வருகிறது, அதன் முட்டைகள் எத்தனை பொரிக்கின்றன என்பதெல்லாம் அவள் நோட்டில் இருக்கும். வெயிலில் கறுத்துப்போன மூக்கும், எந்நேரமும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவுமாக, தையல்காரியை மாதிரி இருப்பாள்.

தடம் பார்க்க எனக்கு இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டது. எங்கள் பக்கம் வருவது அழுங்காமை. ஒரு கை மாற்றி ஒரு கை போட்டு ஏறும். மணலில் அகலமான பின்னல் ஒன்று விழுந்த மாதிரி இருக்கும். ஏறின தடம் ஒன்று, இறங்கின தடம் ஒன்று. நடுவே மணல் கிளறிக் கிடந்தால் முட்டை உண்டு. சில தடம் மேலே வரும், ஒரு வளைவு வளையும், அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும். நாய் குரைத்திருக்கும், யாராவது டார்ச் அடித்திருப்பார்கள்.

"இது என்னக்கா? ஏன் சும்மா திரும்பிட்டா?"

"பெரட்டுக்கு வந்து நின்னுட்டு, வேலைக்குப் போகாம வீட்டுக்குப் போயிட்டா. இவளுக்கு அரைப்பேர்தான்."

தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்குப் பெரட்டு என்று பெயர். பாதியில் திரும்பியவருக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. கவிதாவுக்கு இதை விளக்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் நோட்டிலேயே அப்படிப்பட்ட தடங்களுக்கு 'அ.பே.' என்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ராக்காயி

ஆமைகளுக்கு முன்கையில் சின்ன உலோகத் தகடு ஒன்றை மாட்டுவார்கள். அதில் எண் இருக்கும். கவிதாவுக்கு எண் போதும். எனக்குப் பெயர் வேண்டும். ராத்திரியில் வருகிறவள் என்பதால் ஒருத்திக்கு ராக்காயி என்று வைத்தேன்.

அவளுக்கு அந்தத் தகடு மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் கரையிலேயே மாட்டியது. அந்தப் பருவம் முடிந்ததும் போய்விட்டாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து ரியாவ் தீவுகளிலிருந்து ஒரு மீனவர் கடிதம் போட்டிருந்தார். வலையில் ஆமை மாட்டியது, கையில் இந்த எண் இருந்தது, வலையை அறுத்து அதைக் கடலில் விட்டுவிட்டேன் என்று நான்கு வரி. கவிதா அதை நகலெடுத்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள்.

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாங்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நான் ரெம்பியாவிலிருந்து சுங்கை ஊடாங் வருவதற்கே அவ்வளவு அழுதவள். இவள் அத்தனை கப்பல்களுக்கு அடியில் நீந்தி இன்னொரு நாட்டுக்குப் போய், மூன்றாம் வருடம் வழி தவறாமல் இதே கரைக்கு வந்து முட்டையிடுகிறாள். எனக்கு அவள் மேல் மரியாதை வந்துவிட்டது.

அந்தப் பருவத்தின் முதல் முட்டைகளை நான் வேலையில் சேருவதற்கு முன்பே இட்டுவிட்டாள். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தாள். அன்று என்ன அவசரமோ, விடிகிற நேரத்தில் ஏறியிருந்தாள். ராக்காயி அன்றைக்குப் பகல்காயி. நாங்கள் போனபோது கடைசி முட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உப்பை வெளியேற்றுகிறது, அழுகை இல்லை என்று கவிதா சொன்னாள். இருக்கட்டும் என்று நான் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நூற்றுச் சொச்சம் முட்டைகள். கவிதா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் வாளியில் அடுக்கினேன்.

"மேல் பக்கம் மேலயே இருக்கணும்க்கா. உருட்டக்கூடாது, திருப்பக்கூடாது."

வேலிக்குள் குழி தோண்டி முடித்ததும் கவிதா தள்ளி நின்றாள். "நீங்களே வைங்க. உங்க கை சின்ன கை, ஆடாது."

நான் உடனே வாளிப் பக்கம் போகவில்லை.

யார் கை

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கோழிக்கு அடைவைக்க என்னை விடமாட்டார்கள்.

கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். ஆனால் கோழி அடைக்கு உட்காரும்போது மட்டும், "நீ தள்ளு ஈஸ்வரி, நான் வைக்கிறேன். உன் கையால வேணாம்" என்று முட்டைக் கூடையை வாங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வளைகாப்புக்குக் கூப்பிட்டால், "அவளுக்கு உடம்பு சரியில்ல" என்று என் சார்பில் அவரே பதில் சொல்வார். ஒருநாள் ஒரு கூமுட்டையை என் காலடியில் உடைத்து, "பாரு, இது மாதிரி" என்றார். எது மாதிரி என்று நான் கேட்கவில்லை.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் கணவன் மனைவி இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொண்டது அத்தைக்குத் தெரியாது. எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் கணவருக்கு. டாக்டர் எழுதித் தந்த பேப்பரை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பஸ் நிலையத்தில் என்னைப் பார்க்காமல், "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். சரி என்றேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

அந்தக் கையால்தான் ராக்காயியின் முட்டைகளைக் குழியில் வைத்தேன். ஒவ்வொன்றையும் வைக்கும்போது மனதுக்குள் ஒரு சாமி பெயர் சொன்னேன். நூற்றுச் சொச்சம் சாமி எனக்குத் தெரியாது. தெரிந்த சாமிகளையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

வீட்டில் சொன்னதும் அத்தை முகம் மாறியது. "ஏன் உனக்கு இந்த வேலை? வேற ஆளே இல்லையா?" என்றார்.

பத்து நாள் கழித்து அந்த இடி. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அடைவைத்த முட்டைக்கு இடி ஆகாது. கலங்கிப்போகும். அதனால் அடைக்கூடையில் முட்டையோடு ஓர் இரும்பும் கரித்துண்டும் போட்டு வைப்போம். நான் பார்த்து வளர்ந்த எந்தக் கோழியும் இரும்பில்லாமல் அடைகாத்ததில்லை. இந்தக் குழியில் என் கை மட்டும்தான் இருக்கிறது, இரும்பு இல்லை. அதற்கு மேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சாமான் மூட்டையைப் பிரித்து, உடைந்த கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கேட்காமல் இருந்திருக்கலாம்

அன்று மதியம் கவிதா மீ கோரேங், அதாவது வறுத்த நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். பாதியை எனக்குத் தள்ளினாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். புதைச்சதுக்கு அப்புறம் யாராச்சும் முட்டையத் தொட்டா என்ன ஆகும்?"

"ஐயோ, தொடவே கூடாதுக்கா. உள்ள இருக்கிற குட்டி மேல் ஓட்டுல ஒட்டிக்கும். ஒட்டினப்புறம் அசைச்சா அவ்ளோதான், செத்துடும். இப்ப ராக்காயியோடது இருக்குல்ல, பத்து நாள்? அந்த மாதிரி டைம்தான் ரொம்ப மோசம்."

"ஓ."

"ஏன்க்கா, நாய் கீய் தோண்டிச்சா?"

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

என் பங்கு மீயைத் தள்ளி வைத்தேன். எந்த முட்டையை எவ்வளவு நகர்த்தினேன் என்று விரல்களைக் கேட்டுப் பார்த்தேன். கத்தியைச் செருகும்போது மேல்வரிசை நன்றாகவே அசைந்தது. திரும்பப் போய் எடுத்தால் இன்னொரு முறை அசையும். எடுக்காவிட்டால், பொரித்து முடிந்ததும் கவிதா குழியைத் தோண்டி ஓடுகளை எண்ணுவாள், கத்தி கிடைக்கும். இரண்டும் தெரிந்தே விட்டுவிட்டேன். முட்டைகளுக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி பயம்.

அதற்குப் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட நாள். அதற்குள் ராக்காயியின் முதல் குழி பொரித்தது. மணல் கிண்ணம் மாதிரி உள்வாங்கும், பிறகு கறுப்புக் கறுப்பாகத் தலைகள். கவிதா கைதட்டிக் குதித்தாள். நானும் குதித்தேன். குதித்துக்கொண்டே பக்கத்துக் குழியைப் பார்த்தேன்.

இதற்கிடையே ராக்காயி மூன்றாம் முறையும் வந்து முட்டையிட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் தடம் இல்லை. ரியாவுக்குக் கிளம்பியிருப்பாள் என்றாள் கவிதா. அந்தக் குழியைத் தோண்டவும் முட்டைகளை வைக்கவும் என்னைக் கூப்பிட்டாள். கை சுளுக்கு என்று பொய் சொன்னேன்.

காரணம் என்ற கட்டம்

என் குழியில் ஐம்பத்தைந்தாம் நாள் மணல் உள்வாங்கியது. குட்டிகள் வந்தன, ஆனால் குறைவு. இரண்டு நாள் காத்திருந்தோம். வேறு வரவில்லை. மூன்றாம் நாள் காலை தோண்டுவது என்று முடிவானது. அன்று பார்த்து, அந்த இடத்தை நடத்தும் மீன்வள இலாகாவின் பெரிய ஆபீசர் மேற்பார்வைக்கு வந்து நின்றார்.

கவிதா கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கெட்டது. கெட்டது. கெட்டது. ஒன்றைப் பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஏதோ உறைந்து கிடந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் நின்றுபோனது என்று கவிதா மெதுவாகச் சொன்னாள். என் காதில் இடி கேட்டது.

ஆபீசர் குனிந்து பார்த்தார். "இபு டா துவா," என்றார். தாய்க்கு வயதாகிவிட்டதாம், முட்டையில் சத்து இல்லையாம். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கவிதா அரை மனதோடு தலையாட்டினாள். அவள் தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. காரணம் எழுதுகிற கட்டம். பேனா மூடியைத் திறந்தாள்.

எங்கேயோ கடலுக்கு நடுவில் போய்க்கொண்டிருப்பவள் மேல், ஒரு தப்பும் செய்யாதவள் மேல், இந்தத் தாளில் குறை ஏறப் போகிறது. வந்து இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. அந்த இடத்தில் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த வாய் திறந்துகொண்டது.

"புகான் இபு பூன்யா சாலா, துவான்," என்றேன், என் தோட்டத்து மலாயில். "சாயா பூன்யா சாலா." தாய் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது.

பிறகு தமிழில் கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடி, இரும்பு, கரி, அவள் மோட்டார் சத்தம், மீ கோரேங் பொட்டலத்தின் முன் கேட்ட கேள்வி. சொல்லிக்கொண்டே குழிக்குள் கையை விட்டு, கத்தியை எடுத்து மணல்மேல் வைத்தேன். துருப்பிடித்திருந்தது. இன்னும் ஒரு சாண் தோண்டியிருந்தால் அவர்களே எடுத்திருப்பார்கள். அதற்கு முன்னால் வாயைத் திறந்தேன் என்ற பெருமை மட்டும் எனக்கு.

கவிதா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான்தான் உங்ககிட்ட சொன்னேன்ல, நாய் தோண்டிச்சான்னு கூட கேட்டேன்ல? எத்தனை நாள்க்கா இத மறைச்சீங்க?"

"மன்னிச்சிரும்மா."

"ஏன் இப்ப சொல்றீங்க?"

"அவ மேல எழுதப் போன. அதான்."

அவள் பேனாவை மூடினாள். ஆபீசருக்கு மலாயில் விளக்கினாள். அவர் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பருவம் முடியும்வரை நான் குழிப்பக்கம் போகக்கூடாது, கூட்டுவதும் தடம் பார்ப்பதும் மட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நியாயம்தான்.

கவிதா மறுபடி தோண்டினாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். கத்தி எட்டாத கீழ்வரிசைகள் வந்தன. வெறும் ஓடு. வெறும் ஓடு. பொரித்துப் போனவை. எண்ணி முடித்ததும் அவள் திரும்பாமலேயே சொன்னாள்:

"கீழ இருந்தது எல்லாம் வந்திருச்சி. நீங்க அசைச்சதுதான் போச்சி. நீங்க வச்சது நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு பெரிய தப்புக்கு நடுவில் அவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை, வந்தது.

ஒரு சாயங்காலச் சாப்பாடு

அன்று சாயங்காலம் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, மீன் குழம்பு, வெண்டைக்காய். நான் மறைக்கவில்லை. காலையில் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஆபீசரிடம் மலாயில் சொன்னதையும் சொன்னேன்.

அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா? அவ கை ராசி அப்படி. முட்டை வச்சா விளங்குமா?"

கீழ்வரிசை பொரித்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணியம் தட்டைத் தள்ளி வைத்தார். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

"அம்மா, அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"இல்லடா, நான் என்ன சொல்றேன்னா..."

"என் மேலதான்மா. ஆஸ்பத்திரில ரெண்டு பேருக்கும் பாத்தாங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல. கொறை எனக்கு. ரெண்டு வருசமா பேப்பர் எங்கிட்டதான் இருக்கு. நான்தான் உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னேன்."

அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாயைத் திறந்து நெடுநேரம் கையைக் கழுவினார். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் இருந்த அவருடைய இடது கையின் மேல் என் கையை வைத்தேன்.

அத்தை திரும்பி வந்தார். வழக்கமாக மகன் பக்கத்தில் உட்காருகிறவர், என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்டி," என்றார். "இத்தன பேச்சு பேசினேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க என்னைய ஒரு நாளும் கேக்கலையே அத்தை."

சோறு ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.